திரைக்கு அடியில் மூன்று வரி

ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து.
மீறினால் திரையைத் தாண்டி விழும் என்றார்கள்.
அரபியில் ஒருத்தி நாலு நிமிடம் அழுததை
ஆங்கிலம் எட்டுச் சொல்லில் முடித்திருந்தது.
நான் ஐந்தில் முடித்தேன்.
அதற்குக் கூலி வரிக்கு இருபது ரூபாய்.

பண்டாரவளை நகரசபை மண்டபம்.
உடைந்த கண்ணாடி வழியே மூடுபனி வந்து
புரொஜெக்டர் வெளிச்சத்தில் குந்திக்கொண்டது.
நாப்லுஸ் சந்தும் ஹைஃபா கடற்கரையும்
எங்கள் குளிரில் கொஞ்சம் நனைந்துதான் தெரிந்தன.
இரண்டு படத்திலும் ஒரு வீடு.

எடுத்தவர்கள் முன்வரிசையில்:
இடப்பக்கம் ரவ்தா, வலப்பக்கம் அம்னோன்,
நடு நாற்காலியில் நான்.
கழுத்தில் ஓர் அட்டை, 'உரையாடல் உதவியாளர்'.
மூன்று நாளாக இருவரும்
என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் தேயிலை பார்க்கப் போனபோது
வேறு அட்டை அவர் கணுக்காலில் ஏறியது.
ரவ்தா சாக்ஸைக் காட்டி ஏதோ சொன்னாள்,
நேராக அவரிடமே, ஹீப்ருவில்.
எங்கே கற்றாய் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அந்தப் பதிலையும் நான் சுமந்திருக்க வேண்டும்.
சவர்க்காரம் தேய்த்தால் விழும் என்றான் தோட்டத்துப் பையன்.
விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

படம் முடிந்து கேள்வி நேரம்.
நல்ல படம், நல்ல படம் என்று
மைக் ஐந்து கை மாறியது.
அரைப்பேர் விழுந்தாலும் போகட்டும் என்று வந்திருந்த தங்கமலர்
கடைசி வரிசையில் எழுந்தாள்.
"அந்த வீட்டு உறுதி யார் பேர்ல இருக்கு?"

உறுதி என்றால் எங்களுக்குக் காணிப் பத்திரம்,
நிச்சயமும் அதுதான்.
ஆங்கிலத்தில் இரண்டும் ஒரு சொல்லில் நிற்காது.
பத்திரத்தை மட்டும் கொடுத்தேன்.

அம்னோன் தரையைப் பார்த்தார்.
"என் பேரில்.
அப்பாவுக்கு அது கிடைத்தபோது
இழுப்பறையில் யாருடையவோ கரண்டிகள் இருந்தன."
ரவ்தா சொன்னாள்:
"எங்களிடமும் ஒரு பத்திரம் இருக்கிறது.
வீடுதான் இல்லை."
பிறகு என்னைப் பார்த்தாள்.
இரண்டையும் ஒரே குரலில் மொழிபெயர்க்காதே
என்பது போல ஒரு பார்வை.

"எங்க லயத்துக்குப் பத்திரமே கிடையாது.
பொறந்தது மட்டுந்தான் அங்க."
சொல்லிவிட்டு உட்கார்ந்தாள் தங்கமலர்.

அப்போதுதான் பியசேகர எழுந்தார்,
இடைவேளைக்கு மாலுபணிஸ் கொடுத்த பேக்கரிக்காரர்.
மைக் வேண்டாம் என்றார். சிங்களத்தில் சொன்னார்:
"எண்பத்துமூன்றில் அப்பா ஒரு தையல் மெஷின் கொண்டுவந்தார்,
இருட்டில்.
யாருடையது என்று அம்மா கேட்கவில்லை.
என் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அதில்தான் தைத்தது."

ஆங்கிலத்தில் சொல்வது சுலபமாக இருந்தது.
பிறகு தமிழ்.
மண்டபத்தில் பாதிப்பேருக்கு முன்பே புரிந்துவிட்டது,
ஆனாலும் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

என் சித்தப்பாவுக்குத் தையல்கடை இருந்தது,
அந்த ஜூலை வரைக்கும்.
அது பதுளையில். வேறு ஊர்.
வேறு மெஷின் என்று
மனதுக்குள் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுச் சொன்னேன்.
முப்பத்தாறு எழுத்துக்குள் வரவில்லை.

பணம் தந்தவர்களின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
இஸ்ரேலியர், பாலஸ்தீனியர் இடையே
நிகழ்ந்த உரையாடல்கள், எண்ணிக்கையில்.
அட்டையைச் சேர்ப்பதா என்று யோசித்தேன்.
மற்றதற்குக் கட்டமே இல்லை.

நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.
கடைசி பஸ்ஸுக்கு ஓடவேண்டிய தங்கமலர்
வாசலில் நின்று, சிங்களத்தில் கேட்டாள்:
"அது இப்பவும் ஓடுதா?"
"ஓடுது. ஊசிதான் அடிக்கடி உடையும்."
அவள் தலையாட்டினாள்.
மன்னித்ததா, நூல் போகும் தடத்தை நினைத்ததா,
தெரியவில்லை. பனி வேறு.

என்ன சொன்னார்கள், என்று
இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில்
என்னைக் கேட்டார்கள்.
தையல் மெஷினைப் பற்றி, என்றேன்.